அயலானின் பேசாமை: குற்றத் திரைப்படமும் தமிழ் இலக்கிய மரபும்

தோற்றுவாய்

குற்றம் பற்றிய கதை எந்நாட்டிலும் மக்கள் விரும்பிக் கேட்பது. கொலை நிகழ்ந்தது, செய்தவன் யாவன்? எதன்பொருட்டுச் செய்தான்? எவ்வாறு அகப்பட்டான்? இவ்வினாக்களுக்கு முறையே விடை கூறி, கேட்போர் உள்ளத்தில் எழுந்த ஐயத்தை முற்றத் தீர்த்து முடிவதே அக்கதையின் பொதுவியல்பு. ஆயின், ஒருவகைத் திரைப்படம் இவ்வியல்புக்கு மாறாக நடக்கின்றது. வினாக்களை எழுப்பிவிட்டு, அவற்றுள் பலவற்றுக்கு விடை கூறாமலே அது முடிந்துவிடுகின்றது. அதன் தலைவன் தனியன். ஊரும் உறவும் அறியப்படாத அயலான். அவன் பேசுவது மிகக் குறைவு. படம் காட்டும் நிகழ்ச்சிகளும் குறைவு. அறைகள் வெறுமையாக உள்ளன. தெருக்கள் இரவில் ஆளின்றிக் கிடக்கின்றன. இவ்வகையினைச் 'சுருங்கக் காட்டும் குற்றப்படம்' என்று ஈண்டுக் குறிப்போம்.

இது முற்றும் மேனாட்டுச் சரக்கு. தமிழ் இலக்கியம் பயில்வார்க்கு இதனோடு தொடர்பு யாதும் இல்லை என்று கருதுவார் உளர். அக்கருத்துப் பொருந்துமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வகைப் படத்தில் அயலான் பேசாதிருப்பது வெறும் அணியன்று. பார்ப்போனைச் சான்றாளனாகவும் நடுவனாகவும் அமர்த்தும் கருவி அது. பேசாத அயலானை எதைக் கொண்டு அறிவது, அவனுக்கு நாம் என்ன கடமைப்பட்டுள்ளோம் என்னும் வினா, தமிழில் சிலப்பதிகாரத்திலேயே எழுந்துவிட்ட வினாவாகும். 2013-இல் வெளிவந்த 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' என்னும் தமிழ்ப்படம் அதற்குத் தனக்கே உரிய ஒரு விடையைத் தருகின்றது. இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. வகையின் இயல்பு

இவ்வகைக்குத் தலைசிறந்த காட்டாகப் பலரும் கொள்வது, பிரெஞ்சு இயக்குநர் ழான் பியர் மெல்வில் 1967-இல் எடுத்த 'லே சாமுராய்' என்னும் படம். அலேன் தெலோன் நடித்த ழெஃப் கோஸ்தெல்லோ என்பவன் கூலிக்குக் கொலை செய்பவன். நிறம் மங்கிய ஓர் அறை. கூண்டில் ஒரு சிறு பறவை. படுக்கையிற் கிடந்து புகைபிடிக்கும் ஒருவன். படம் இவ்வாறு தொடங்கி, ஏறத்தாழப் பத்து நிமிடம் உரையாடல் இன்றியே செல்கின்றது. அவன் பெற்றோர் யாவர், இத்தொழிலுக்கு ஏன் வந்தான் என்பன இறுதிவரையில் கூறப்படவில்லை. அவன் செய்யும் செயல்கள் மட்டும் வழுவாத வரிசையில் காட்டப்படுகின்றன: தொப்பியின் விளிம்பைச் சரிசெய்தல், காரைத் திருடுதல், பொய்ச்சான்றுக்கு ஏற்பாடு செய்தல், கொல்லுதல்.

இப்படத்தின் உயிர்நிலை ஒரு சான்றாளியிடத்து உள்ளது. கொலை முடித்து வெளிவரும் அவனை, அவ்விரவு விடுதியில் பியானோ வாசிக்கும் பெண்ணொருத்தி நேருக்கு நேர் காண்கின்றாள். காவல் நிலையத்தில் அவனை அவள்முன் நிறுத்தியபோது, இவன் அல்லன் என்று கூறிவிடுகின்றாள். ஏன் அவ்வாறு கூறினாள் என்பதற்குப் படம் நேரான விடை தரவில்லை. பின்னர் அவளையே கொல்லும்படி அவன் ஏவப்படுகின்றான். அவள்முன் சென்று துப்பாக்கியை எடுக்கும்போது காவலர் அவனைச் சுட்டு வீழ்த்துகின்றனர். எடுத்துப் பார்த்தால் அத்துப்பாக்கியில் குண்டே இல்லை. அவன் சாவதற்காகவே வந்தான் என்பதை ஒரு சொல்லும் இன்றி அவ்வெற்றுத் துப்பாக்கி உணர்த்திவிடுகின்றது.

அமெரிக்க இயக்குநர் ஜிம் ஜார்முஷ் 2009-இல் எடுத்த 'தி லிமிட்ஸ் ஆஃப் கண்ட்ரோல்' இம்முறையினை அதன் எல்லைவரை கொண்டு செல்கின்றது. ஈசாக் தெ பான்கொலே நடித்த தலைவனுக்குப் பெயரே இல்லை. நடிகர் பட்டியலில் 'தனியன்' என்னும் பொருள்படும் சொல்லே அவனுக்கு அமைந்துள்ளது. ஏனையோரும் நிறத்தாலோ நாட்டாலோ தோற்றத்தாலோ சுட்டப்படுகின்றனரே அன்றிப் பெயரால் சுட்டப்படுகின்றிலர். அவன் ஸ்பெயின் நாட்டில் ஊர் ஊராகச் செல்கின்றான். காப்பிக் கடையில் இரண்டு தனித்தனிக் கோப்பைகளில் காப்பி கேட்கின்றான். வருவாரோடு தீப்பெட்டி மாற்றிக்கொள்கின்றான். அதனுள் இருந்த குறிப்புத்தாளை விழுங்கிவிடுகின்றான். இறுதியில் ஒரு கொலை நிகழ்கின்றது. அதன் காரணத்தைக் காண்போரே தேடிக்கொள்ளுதல் வேண்டும்.

இவ்விரண்டாலும் பெறப்படும் இலக்கணம் யாதெனின்: ஒன்று, தலைவனின் முன்கதை மறைக்கப்படும். இரண்டு, அவன் உள்ளம் சொல்லால் அன்றிச் செயலாலும் பொருளாலும் உணர்த்தப்படும். மூன்று, அவனைப் பற்றிய தீர்ப்புப் பார்ப்போனிடமே விடப்படும். முதலிரண்டும் முறை பற்றியன; மூன்றாவதே பயன் பற்றியது. முதலிரண்டையும் கண்டு மூன்றாவதைக் காணாது விடுவார்க்கு இப்படங்கள் வறிதே நீளும் காட்சிகளாகத் தோன்றும்.

2. தமிழில் அயலான்

அயலானைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. அயலார், ஏதிலார், நொதுமலர், வம்பலர் என்னும் இவை தம்முள் நுண்ணிய வேறுபாடு உடையன. அயலார் என்பது இடத்தால் வேறாயவரை முதற்கண் குறிக்கும். ஏதிலார் என்பது தொடர்பின்மையைக் குறிக்கும். நொதுமலர் என்பது நட்பும் பகையும் இல்லாதாரைக் குறிக்கும். வம்பலர் என்பது புதியராய் வழிச்செல்வாரைக் குறிக்கும். அயன்மையை இத்துணைக் கூறுபடுத்தி எண்ணிய மொழிக்கு இப்பொருள் புதிதாதல் யாங்ஙனம்?

வம்பலர் என்னும் சொல் பாலைத்திணைப் பாடல்களில் பயின்று வருவது. சுரத்து வழியே செல்லும் வம்பலரை ஆறலைகள்வர் அம்பெய்து வீழ்த்துவர். வீழ்ந்தார் உடலின்மேல் கல்லும் தழையும் குவிக்கப்பட்ட பதுக்கைகள் வழியோரத்தே கிடக்கும். இறந்தவன் யாவன், எவ்வூரான் என்று புலவர் கூறுவதில்லை. பதுக்கை ஒன்றே அவன் வரலாறு. சொல்ல வேண்டிய அச்சமும் இரக்கமும் அத்தழைக் குவியலிலே அடங்கிவிடுகின்றன. மெல்வில் படத்தின் வெற்றுத் துப்பாக்கி செய்யும் பணியை ஈண்டுப் பதுக்கை செய்கின்றது.

அகத்திணையில் தலைமக்களை இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய விதி. உள்ளுறையும் இறைச்சியும் கருப்பொருளின் வாயிலாக உள்ளக்கருத்தைப் புலப்படுத்துவன. இவற்றைக் கொண்டு, சுருங்கக் காட்டும் படமும் அகப்பாடலும் ஒன்றே என்று கூறிவிடுதல் எளிது. ஆயின் அது பொருந்தாது. அகப்பாடலில் பெயர் கூறப்படாமைக்குக் காரணம், அவ்வொழுக்கம் எல்லார்க்கும் பொதுவாதலே. தலைவன் பெயரின்றியே நமக்கு நன்கு அறிமுகமானவன். அவன் உள்ளத்தில் மறைவு இல்லை. குற்றப்படத்திலோ, பெயரின்மை அவனை நம்மினின்றும் பிரிக்கின்றது. முன்னது பொதுமைக்காகப் பெயர் ஒழித்தது. பின்னது அயன்மைக்காகப் பெயர் ஒழித்தது. முறை ஒன்றாயினும் பயன் வேறு என்பதை மறத்தல் கூடாது. குறிப்பால் பொருளுணரும் பயிற்சி தமிழ் படிப்பார்க்கு முன்னரே உண்டு என்ற அளவிலேயே இவ்வொப்புமை நமக்குத் துணையாகும்.

அயன்மை என்பது ஓர் ஆளின் இயல்பன்று, எல்லை தருவது. இதற்குக் கீழைக்கடற்கரையிலேயே சான்று உண்டு. காரைக்கால் பகுதியில், திருமலைராயன்பட்டினத்தை அடுத்துள்ளது போலகம். காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1954 நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி இந்தியாவுக்கு மாறியது. 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் சட்ட முறைப்படியான இணைப்பு நிறைவேறியது. அதற்கு முன்பு, தெற்கே நாகூரிலிருந்து சிறிது தொலைவு நடந்து போலகத்திற்கு வந்தவன் வேறோர் அரசின் நிலத்தில் அடியெடுத்து வைத்தவன் ஆனான். மொழியும் உணவும் உறவும் ஒன்றே. ஆட்சி எல்லை ஒன்றே அவனை வேற்றாள் ஆக்கியது. இன்றும் அப்பகுதிச் சிற்றூர்களில் புதிதாய் வந்தவனை நோக்கி எழும் வினாக்கள் இரண்டு: 'எந்த ஊர்?', 'யார் வீட்டுக்கு?'. இவ்விரண்டுக்கும் விடை கூறியவுடன் அயலான் விருந்தினன் ஆகிவிடுகின்றான். விடை கூறாதவன்மேல் ஐயம் படர்கின்றது. சொல்லே அயன்மையைத் தீர்க்கும் மருந்து என்பது நம் ஊர்களின் கொள்கை.

திருமலைராயன்பட்டினத்தோடு தொடர்புடைய காளமேகப் புலவர் கதையும் இதனையே வலியுறுத்தும். வேற்றூரினின்று திருமலைராயன் அவைக்கு வந்த காளமேகத்திற்கு இருக்கை அளிக்கப்படவில்லை என்றும், அவர் எமகண்டம் பாடித் தம் புலமையை நிலைநாட்டினார் என்றும், இறுதியில் ஊர் அழியப் பாடிச் சென்றார் என்றும் வழிவழியாகக் கூறுவர். வரலாற்று உண்மை எவ்வாறாயினும், கதையின் கருத்துத் தெளிவு. அயலானுக்குச் சொல்லே படைக்கலம்; சொல் வல்லவனை ஊர் புறந்தள்ள இயலாது. அங்ஙனமாயின், சொல் இல்லாத அயலானின் நிலை என்னாகும்?

3. கோவலனின் பேசாமை

இவ்வினாவுக்குத் தமிழ் தந்த முதற்பெரும் விடை சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில் உள்ளது. காவிரிப்பூம்பட்டினத்துக் கோவலன் மதுரையில் அயலான். அவனை அறிந்தார் அந்நகரில் மிகச் சிலர். அவர்களும் நகர்ப்புறத்து ஆய்ச்சேரியில் உள்ளவர். அரசியின் சிலம்பைத் தான் கவர்ந்த பொற்கொல்லன், அதே வகைச் சிலம்போடு வந்த அயலானைக் கண்டவுடன் பழியை அவன்மேல் ஏற்றத் துணிகின்றான். அயலான் என்பதே அவனைத் தேர்ந்தமைக்குப் போதிய காரணம்.

கொலைக்கு வந்த காவலர், இவன் தோற்றம் கள்வன் தோற்றம் அன்று என்று ஐயுறுகின்றனர். அவ்வையத்தைப் போக்கப் பொற்கொல்லன், மந்திரமும் மருந்தும் முதலாகக் கள்வர்க்குத் துணையாவன எட்டினை அடுக்கிக் கூறுகின்றான். காவலருள் ஒருவன் முன்பு தான் கண்ட கள்வனின் திறத்தை எடுத்துரைக்கின்றான். இவ்வளவு பேச்சும் கோவலனைச் சுற்றி நிகழ்கின்றது. ஆயின் அவன் தன் பொருட்டு ஒரு சொல்லும் கூறியதாக இளங்கோவடிகள் காட்டவில்லை. இறுதியில் கல்லாதான் ஒருவன் வாளால் வெட்டுகின்றான், காதை முடிகின்றது.

கோவலன் ஏன் பேசவில்லை என்று வினவுவார்க்கு ஊழ் என்று விடை கூறுதல் மரபு. அது காப்பியத்தின் மெய்ப்பொருளுக்கு ஏற்ற விடையே. கதையமைப்பை நோக்கின் வேறொன்றும் புலனாகும். அவன் பேசியிருந்தால், அவன் சொல் மெய்யா பொய்யா என்று காவலர் ஆராய்ந்திருப்பர். அவன் பேசாமையால், தோற்றம் ஒருபுறமும் பொற்கொல்லன் பேச்சு மற்றொருபுறமும் நிற்க, காவலர் தம் உள்ளத்தையே சான்றாகக் கொண்டு தீர்ப்புக் கூற வேண்டியவர் ஆயினர். அவர்கள் தவறினர். படிப்போராகிய நாமோ உண்மையை முன்னரே அறிந்தவர். ஆதலின் அத்தவற்றின் கொடுமை நம்மை வருத்துகின்றது.

சுருங்கக் காட்டும் குற்றப்படம் இவ்வமைப்பில் ஒன்றை மட்டும் மாற்றுகின்றது. படிப்போனுக்கு இளங்கோவடிகள் தந்த முன்னறிவைப் பார்ப்போனுக்கு அது தருவதில்லை. ஆகவே, காவலர் நின்ற இடத்தில் நம்மையே நிறுத்திவிடுகின்றது.

4. தமிழ்த் திரையில்

தமிழ்த்திரை நெடுங்காலம் பாட்டையும் உரையாடலையும் தன் இரு கண்களாகக் கொண்டது. அதனிடையே, 1954-இல் வீணை எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட 'அந்த நாள்' பாட்டும் நடனமும் இன்றி அமைந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சென்னையில் வானொலிப் பொறியாளன் ஒருவன் சுட்டுக் கொல்லப்படுகின்றான்; ஐயத்திற்கு உரியார் ஒவ்வொருவரும் தத்தம் கருத்தைக் கூற, ஆய்வு நடக்கின்றது. தீர்ப்பைப் பார்ப்போன் தேடவேண்டும் என்னும் கருத்து இதிற் கால்கொண்டது. ஆயினும் இது சொல் நிறைந்த படம். கொலையுண்டவனைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். முடிவில் உண்மையும் ஐயத்திற்கு இடமின்றி வெளியாகின்றது. பாட்டை நீக்கிய இப்படம் பேச்சை நீக்கவில்லை.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகட்குப் பின், 2013 செப்டம்பரில், மிஷ்கின் எழுதி இயக்கி நடித்த 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' வெளிவந்தது. இதிலும் பாடல் இல்லை. இளையராசா அமைத்த இசை பின்னணி இசை என்று குறிக்கப்படாமல் முன்னணி இசை என்று குறிக்கப்பட்டது. சொல் குறைந்த இடங்களில் இசையே உணர்ச்சியை எடுத்துச் செல்லுதலின் அக்குறியீடு பொருத்தமானதே. நிகழ்ச்சிகளிற் பெரும்பகுதி சென்னை நகரத்து இரவில் நடக்கின்றது. துரத்தலும் சண்டையும் மிகுதியாக இருத்தலின், மெல்வில் படம்போல் இதனை முற்றும் சுருங்கிய படம் என்று கூறுதல் இயலாது. ஆயினும் தலைவனைக் காட்டும் முறையில் இது அவ்வகையைச் சார்ந்ததே.

கதை இது: குண்டடிபட்ட ஒருவன் இரவில் சாலையில் கிடக்கின்றான். மருத்துவ மாணவன் ஒருவன், யாரென அறியாமலே அவனைக் காப்பாற்ற முயல்கின்றான். மருத்துவமனையில் ஏற்க மறுக்கின்றனர். மாணவன் தன் வீட்டுக்கே கொண்டுசென்று, ஆசிரியர் தொலைபேசியில் வழிகாட்ட, குண்டை எடுத்து உயிர் காக்கின்றான். விடியும்போது அவனைக் காணவில்லை. காவலர் வந்து, நீ காப்பாற்றியவன் பல கொலை செய்த 'ஓநாய்' என்று கூறி மாணவனைப் பிடிக்கின்றனர். பின்னர் அவனைக் கொண்டே ஓநாயைக் கொல்லவும் முனைகின்றனர்.

மாணவனுக்கு நேர்ந்த இடுக்கண் கற்பனையில் மட்டும் உள்ளதன்று. 1989-இல் பரமானந்த கட்டாரா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், காயமுற்றவன் குற்றவாளியாயினும் அல்லனாயினும் உயிர் காத்தலே மருத்துவரின் முதற்கடமை என்றும், காவல்துறை நடைமுறைக்காகக் காத்திருத்தல் கூடாது என்றும் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வந்து இருபத்து நான்கு ஆண்டு கழிந்த பின்னரும், வழக்குக்கு அஞ்சி வாயில் அடைக்கப்படும் காட்சியைத் திரையிற் கண்டவர் அதனை நம்புதற்கரியதாகக் கருதவில்லை. அயலானின் உடல் நம் வாயிலில் கிடக்கும்போது, 'யார்?' என்னும் வினா முந்த வேண்டுமா, உதவி முந்த வேண்டுமா என்பதே படம் எழுப்பும் அறவினா. ஊர் வழக்கின்படி வினாவே முந்தும். அறநூல் கூறும் விருந்தோம்பல் நெறியின்படி உதவியே முந்தும். மாணவன் இரண்டாவதைத் தேர்ந்தான், அதற்காக ஒறுக்கப்பட்டான்.

5. கதையாய் வெளிப்பட்ட குற்றம்

ஓநாய் தன்னைப் பற்றி நெடுநேரம் யாதும் கூறுவதில்லை. பார்வையற்ற ஒரு குடும்பத்தாரைப் பகைவரிடமிருந்து காத்து அழைத்துச் செல்ல அவன் முயல்கின்றான் என்பது மட்டும் தெரிகின்றது. ஏன் காக்கின்றான் என்பது தெரியவில்லை. கல்லறைத் தோட்டம் ஒன்றில் அவர்கள் தங்கியிருக்கும்போது, அவ்வீட்டுச் சிறுமிக்கு ஒரு கதை சொல்லவேண்டிய நிலை அவனுக்கு வருகின்றது. அவன் விலங்குக் கதை ஒன்றைச் சொல்கின்றான். கொடிய வாழ்க்கையில் இருந்த ஓநாய் ஒன்று தவறுதலாக ஓர் ஆட்டுக்குட்டியைக் கொன்றுவிட்டது. பின் மனம் திரும்பி, அதன் குடும்பத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்றது என்பது அதன் சாரம். இடையே வேறு காட்சி எதுவும் புகாமல், சொல்வோன் முகத்தையே நெடுநேரம் காட்டி இப்பகுதி அமைக்கப்பட்டுள்ளது. இறந்தவன் இவர்கள் வீட்டுப் பிள்ளை என்பதும், கொன்றவன் இவனே என்பதும் அப்போது நமக்குப் புலனாகின்றன.

தமிழ் மாணவர் இக்காட்சியைக் காணின் அதன் அமைப்பை எளிதில் அறிவர். விலங்கின் செயலைக் கூறி மக்கள் ஒழுக்கத்தை உணர்த்துதல் உள்ளுறையின் நெறி. இதுவரை பேசாதவன் பேசும்போதும் தன்மை இடத்தில் நின்று பேச இயலாதவனாய், படர்க்கையில், விலங்கின் பெயரால் பேசுகின்றான். 'யான் கொன்றேன்' என்னும் இரண்டு சொற்களைக் கூறும் ஆற்றல் இன்மையால், ஒரு முழுக்கதையைக் கூறுகின்றான். அவனுடைய பேசாமை வீரத்தினால் வந்ததன்று, குற்ற உணர்ச்சியினால் வந்தது என்பதை இக்காட்சி தெளிவிக்கின்றது.

இனி, அவனை நம்பி உடன் செல்வோர் பார்வையற்றோர் என்பது கருதத்தக்கது. மதுரைக் காவலர் தோற்றத்தைக் கண்டனர், ஐயுற்றனர், ஆயினும் பிறர் சொல்லுக்கு இரையாயினர். சென்னைக் காவலர் புகைப்படத்தையும் பழைய குற்றங்களையும் கொண்டு ஓநாயை அளந்தனர். இக்குடும்பத்தார்க்குத் தோற்றம் என்பதே இல்லை. அவர்கள் அறிந்தது பற்றிய கையும் உடன்வரும் காலடியுமே. கண்ணால் அளக்கப்படாத இடத்தில்தான் அவன் செயலால் அளக்கப்படுகின்றான். முடிவில் ஓநாய் மடிகின்றது. அச்சிறுமி மாணவன் பொறுப்பில் சேர்கின்றாள். அன்றிரவு அயலானுக்கு உதவியவனே அயலான் விட்டுச்சென்ற கடமைக்கும் உரியவன் ஆகின்றான்.

ஈண்டு மூன்று பேசாமைகள் ஒப்புநோக்கத்தக்கன. கோவலனின் பேசாமை, பேச இடம் பெறாதவனின் பேசாமை; அவன் சொல்லைப் பின்னர்க் கண்ணகி பேசுகின்றாள். கோஸ்தெல்லோவின் பேசாமை, தானே மேற்கொண்ட நோன்பு. அவன் சொல்லை யாரும் பேசுவதில்லை. அவனோடு அது முடிகின்றது. ஓநாயின் பேசாமை கடன்பட்டவனின் பேசாமை. அவன் சொல்லாததை அவன் செயல் தீர்க்கின்றது. எஞ்சியதை மாணவன் ஏற்கின்றான். மேனாட்டுப் படத்தில் தனியன் தனியனாகவே இறக்கின்றான். தமிழ்ப்படத்தில் தனியன் இறக்கும்போது அவனுக்கு உறவு உண்டாகிவிட்டது. வடிவம் வெளியிலிருந்து வந்திருக்கலாம். அதன் முடிவை இம்மண்ணின் உறவுநெறி மாற்றி அமைத்துவிட்டது என்று கூறுதல் தவறாகாது.

இதற்கு ஒரு தடை எழலாம். பல கொலை செய்தவனை ஒரு குடும்பத்தைக் காத்தமை கொண்டு தூயவனாக்குதல் முறையோ என்பார் உளர். முறையன்று, படமும் அவ்வாறு செய்யவில்லை. அவன் இறந்தே தீர்கின்றான். கொன்ற உயிர் மீள்வதுமில்லை. குற்றம் செய்தவனுக்கும் கடன் தீர்க்கும் உரிமை உண்டு என்பதை மட்டுமே அது காட்டுகின்றது. மன்னிப்பு என்பது அவன் கேட்டுப் பெற்ற பொருளாக அங்கு இல்லை.

முடிவுரை

மேலே கண்டவற்றால், சுருங்கக் காட்டும் குற்றப்படத்தின் பேசாமை அறப்பயன் உடையது என்பதும், அப்பயனை அறிவதற்குத் தமிழ் இலக்கியப் பயிற்சி பெருந்துணை ஆகும் என்பதும் பெறப்படும். பதுக்கையைக் கண்டு வம்பலனுக்கு இரங்கக் கற்றவர், வெற்றுத் துப்பாக்கியின் பொருளையும் அறிவர். கோவலனைச் சூழ்ந்து நின்ற காவலரின் தவற்றை அறிந்தவர், சாலையில் கிடப்பவனைச் சூழ்ந்து நிற்பாரின் தவற்றையும் அறிவர். திரைப்படத்தை இலக்கிய ஆய்வின் புறத்தே நிறுத்திவிடும் வழக்கம் நம் துறைகளில் முற்றும் நீங்கிவிடவில்லை. அதனை ஆராயப் புகும் மாணவர்க்குக் கூறத்தக்கது ஒன்றுண்டு: மேனாட்டுக் கலைச்சொற்களைக் கற்பதோடு அமையாது, கொலைக்களக் காதையை மீண்டும் ஒருமுறை படித்துவிட்டு இப்படங்களைக் காண்க. அயலான் ஒரு சொல்லும் கூறாமல் நிற்கும்போது சூழ நிற்பார் என்ன பேசுகின்றனர் என்பதைக் குறித்துக்கொள்க. தீர்ப்புக்கு உரியவர் அவனா அவர்களா என்பது அப்போது விளங்கும்.